குட்டி லேத்தும் முறுக்கு அச்சும்

செப்டம்பர் 7, ஞாயிறு

உலோகம் கடையும் லேத் வந்துவிட்டது. மச்சினன் சென்னியப்பன் தன் ஆவாரம்பாளையம் பட்டறையிலிருந்து டெம்போவில் ஏற்றி வந்து ஆட்களை வைத்து இறக்கிக் கொடுத்தான். அவன் பட்டறையில் பெரிய லேத்துகளுக்கு நடுவே சும்மா கிடந்த குட்டி லேத் இது. குட்டி என்பது பெயரளவில்தான். தூக்கியவர்கள் மனதுக்குள் என் பரம்பரையையே விசாரித்திருப்பார்கள்.

சமையலறைக்குப் பின்னால் உள்ள அறையில் வைத்தோம். அங்கே இருந்த கிரைண்டரை மாடிப்படிக்கு அடியில் நகர்த்தினேன். அதற்கு அங்கே சௌகரியமாகத்தான் இருக்கிறது. துளசிமணி ஒன்றும் சொல்லவில்லை. மனைவி ஒன்றும் சொல்லாத நாட்களை நான் நல்ல நாட்களாகவே கணக்கில் வைப்பது வழக்கம்.

மோட்டார் பக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சுத்தியலால் நேராக அடிக்கக் கூடாது, நடுவில் பித்தளையை வைத்து அடிக்க வேண்டும் என்று லேத்தோடு வந்த கையேட்டில் இருக்கிறது. சமையலறைப் பரணில் கைக்கு அடக்கமாக ஒரு பித்தளைக் கட்டை கிடைத்தது. வைத்து நாலு போடு போட்டேன். புல்லி உட்கார்ந்துவிட்டது. கட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மையம், ஆரம், தொடுகோடு என்று ஆயிரம் வட்டங்களைக் கரும்பலகையில் போட்டு அழித்தாயிற்று. கையில் பிடிக்கக்கூடிய வட்டம் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

செப்டம்பர் 9, செவ்வாய்

எண்ணெய் விட வேண்டிய இடம் எல்லாவற்றிலும் எண்ணெய் விட்டேன். எண்ணெய் விடக் கூடாத இடம் பெல்ட் என்பது அப்புறம் தெரிந்தது.

செப்டம்பர் 13, சனி

அலுமினியத்தில் ஒரு குமிழ் கடைந்தேன். வேலை இப்படி: சக் என்று ஒன்று இருக்கிறது, மூன்று தாடைகளால் கம்பியைக் கவ்விக்கொண்டு சுற்றும். கவ்விய பகுதியைக் கடைய முடியாது அல்லவா? அதனால் முதலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியைக் கடைய வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு மறுபாதி. என் குமிழில் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் நகத்தால் தடவினாலும் தெரியவில்லை. மாலையில் சென்னியப்பன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க மாமா, பொழச்சுக்குவீங்க" என்றான். அவன் வாயில் இதற்கு மேல் பாராட்டு வராது.

துளசிமணி டீ கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அலுமினியம் சுருள் சுருளாகப் பிரிந்து விழுந்துகொண்டிருந்தது. டீ ஆடை கட்டும் வரை நின்றாள். தரை எவ்வளவு பாழாகிறது என்று பார்த்திருப்பாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீட்டில் விசாரணைக் கமிஷன்.

தீபாவளிக்கு மகளும் மருமகனும் ஓசூரிலிருந்து வருகிறார்கள். அதற்காகத் துளசிமணி இப்போதே பலகாரச் சாமான்களை இறக்கித் துலக்க ஆரம்பித்தாள். முறுக்கு அச்சு வந்தது. கீழே மாவு அடைக்கும் பித்தளைக் குழல் நன்றாக இருக்கிறது. அதற்குள் இறங்கி மாவை அழுத்த வேண்டிய மேல்கட்டைதான் விளிம்பு நசுங்கிக் குழலுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

"ஏனுங்க, இந்த மேல்கட்டைய ஆருங்க இப்படிச் சப்பளிச்சு வெச்சது?"

"எலியா இருக்கும்."

"எலி பித்தளையக் கடிக்குமாங்க?"

"கடிச்சிருக்காது. பரண்ல இருந்து தள்ளி விட்டிருக்கும்."

கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின் அறையில் ஆணியில் தொங்கும் சுத்தியலையும் பார்த்தாள். நான் அரம் எடுத்து நசுங்கிய விளிம்பை ராவிச் சரி செய்ய முயன்றேன். இப்போது கட்டை குழலில் தாராளமாக இறங்குகிறது. சுற்றிலும் மாவு பிதுங்கி மேலே ஏறி வரும் அளவுக்குத் தாராளம்.

"புதுசு ஒன்னு வாங்கிக்கலாம்" என்றேன்.

"எதுக்குங்க வாங்கோணும்? அதான் ஊட்டுக்குள்ளயே பட்டறை இருக்குதே. தீபாவளிக்குள்ள இந்தக் கொழலுக்கு ஒரு மேல்கட்டை கடைஞ்சு குடுங்க. இல்லீன்னா தம்பி வண்டியக் கொண்டாந்து உங்க மிஷின ஏத்தீட்டுப் போகட்டும். என்ற கெரைண்டரு பழைய எடத்துக்கு வரட்டும். குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்புப் போச்சு."

சரி என்றேன். குமிழ் கடைந்தவனுக்குக் கட்டை கடைய எவ்வளவு நேரமாகும்?

செப்டம்பர் 24, புதன்

பித்தளை ராடு வாங்கி வந்தேன். ஒரு கட்டைக்கு வேண்டிய நீளத்தைப் போல் ஐந்து மடங்கு. தவறு செய்வேன் என்பதற்காக அல்ல. கடைக்காரர் வெட்டித் தர மாட்டேன் என்றுவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து லேத்தைத் துடைத்தேன். தூளெல்லாம் தூரிகையால் கூட்டி, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, நழுவுகிற இடங்களுக்குப் புது எண்ணெய் காட்டி, சக்கைக்கூடக் கழற்றித் தனியாகத் துணிமேல் வைத்தேன். சென்னியப்பன் பட்டறையில் இத்தனை சுத்தம் அந்த மிஷின் கண்டிருக்காது.

துளசிமணி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "எங்கீங்க பொட்டு வெக்கோணும்?" என்று கேட்டாள். சக் வந்து உட்காரும் வட்டத் தட்டைக் காட்டினேன். "இதுதான் மிஷினோட உயிர்நிலை. சக் இதுலதான் உட்காரும். இங்க நல்லா, பெருசா வை" என்று விளக்கினேன். விளக்கிச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியும். தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அட்சதையும் தூவினாள். பிறகு கிரைண்டருக்கும், மிக்ஸிக்கும், என் கண்ணாடிக் கூட்டுக்கும் பொட்டு. என் பழைய காம்பஸுக்கும் ஒன்று வைத்தாள். பொரிகடலை சாப்பிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

மறுபூஜை முடிந்து சாமான்களை எடுத்தோம். பொட்டைத் துடைக்கக் கூடாது, காய்ந்து தானாக உதிர வேண்டும் என்பது துளசிமணியின் சட்டம். சக்கை மாட்டினேன். முதலில் சரியாக உட்காரவில்லை. ஒரு நாள் லீவு விட்டால் பையன்களும் இப்படித்தான் பெஞ்சில் உட்கார மாட்டார்கள். பெரிய ஸ்பேனரைப் போட்டு ஓர் அழுத்து. உட்கார்ந்துவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

மேல்கட்டை தயார். குழலுக்குள் விட்டேன். பாதி வரை வெண்ணெய் போல இறங்கியது. பாதியில் மாட்டிக்கொண்டது. வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

எடுத்துப் பார்த்தால் முதல் பாதி ஒரு மையத்தில் இருக்கிறது, திருப்பிப் போட்டுக் கடைந்த மறுபாதி வேறு மையத்தில் இருக்கிறது. நடுவில் படி மாதிரி ஒரு விளிம்பு. பித்தளையின் தரம் சரியில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டாவது கட்டை. அதே இடத்தில் மாட்டியது. மின்சாரம் ஏறி இறங்குகிறது. துளசிமணியிடம், கடையும்போது கிரைண்டரைப் போடாதே என்று சொன்னேன்.

"அப்ப இட்லிக்கு என்னுங்க பண்றது?"

இன்று இரவு உப்புமா.

அக்டோபர் 9, வியாழன்

சென்னியப்பனிடம் போனில் கேட்டேன்.

"தரை சாஞ்சிருக்குமுங்க மாமா. மட்டம் பாருங்க. எதுக்கும் சக்கையும் ஒருக்காக் கழட்டித் தொடச்சு மாட்டுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜைக்கு நானே கண்ணாடி மாதிரித் துடைத்து மாட்டிய சக் அது. அவனுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மட்டம் மட்டும் பார்த்தேன். தரை ஒரு நூல் சாய்ந்துதான் இருந்தது. போன வருடக் காலண்டர் அட்டையை மடித்து லேத்தின் காலுக்கு அடியில் கொடுத்தேன். அட்டையில் இருந்த முருகன் என்னையே பார்த்தார். திருப்பி வைத்தேன்.

மூன்றாவது கட்டை. பாதி வரை வெண்ணெய்.

அக்டோபர் 12, ஞாயிறு

குழலே வட்டமாக இல்லை என்பது என் புதிய முடிவு. வெர்னியர் வைத்து ஏழெட்டு இடத்தில் அளந்தேன். குழல் அப்பழுக்கில்லாத வட்டம். என் வகுப்பில் விடை தப்பாக வந்தால் கேள்வித்தாளில்தான் பிழை என்று சொல்கிற பையன்கள் உண்டு. அவர்களை முட்டி போடச் சொல்லியிருக்கிறேன். இன்று ஏனோ அவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

துளசிமணி மாவரைக்கப் போய்ப் படிக்கட்டின் அடியில் தலையை இடித்துக்கொண்டாள். பெரிய அடி இல்லை. தைலம் தடவிக்கொண்டாள். அந்தப் படிக்கட்டைக் கட்டியவன் உயரம் பார்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

நான்காவது கட்டையும் போயிற்று.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது துளசிமணி தம்பியிடம் தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "வண்டி", "மிஷினு", "அவரு கேட்டாலும்" என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும், "செரி, வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள். கெடு முடியும் முன்பே வண்டிக்கு ஏற்பாடு செய்கிறாள். கிரைண்டருக்கு இருக்கும் மதிப்பு இந்த வீட்டில் எனக்கு இல்லை.

அக்டோபர் 15, புதன்

இன்று லேத்தைத் தொடவில்லை. செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். ஓய்வு பெற்ற முதல் வருடம் முழுவதும் எனக்கு இப்படித்தான் போயிற்று. காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பேன். இந்த மிஷின் வந்த பிறகு ஒரு நாளும் அப்படி நிற்கவில்லை. போய்விட்டால் மறுபடி வாசலில்தான் நிற்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

கழுத்தைப் பிடித்துத் தள்ளும் வரை காத்திருப்பானேன் என்று நானே சென்னியப்பனைக் கூப்பிட்டேன். "வண்டியைக் கொண்டு வா மாப்ளே. மிஷினை எடுத்துட்டுப் போ."

"வண்டி பஞ்சருங்க மாமா."

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடி கூப்பிட்டேன்.

"பஞ்சர் ஒட்டியாச்சுங்க. டிரைவர் ஊருக்குப் போயிட்டானுங்க."

"நீயே ஓட்டிட்டு வா."

"எனக்கு முதுகு புடிச்சிருக்குதுங்க மாமா. கிளட்சை மிதிக்க முடீலீங்க."

முதுகுக்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம்? இவ்வளவு பொறுப்பில்லாத ஆள் எப்படி ஒரு பட்டறையை நடத்துகிறான் என்று துளசிமணியிடம் கேட்டேன். "அவன் அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டுக் கடலை மாவைச் சலிக்க ஆரம்பித்தாள். முறுக்கு பிழிய அச்சு இல்லாத வீட்டில் எதற்கு மாவு சலிக்கிறாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி

இதை வரிசையாக எழுத வேண்டும்.

சென்னியப்பன் எப்போது வந்தாலும் ஏற்றுவதற்குத் தயாராக இருக்கட்டும் என்று காலையில் கனமான பாகங்களைக் கழற்றத் தொடங்கினேன். சக்கின் நட்டுகள் கழன்றன. சக் வரவில்லை. லேசாகத் தட்டினேன். பிசின் போட்டு ஒட்டியது போல இருந்து, 'டக்'கென்று கையோடு வந்தது.

உள்ளே மஞ்சளாகக் காய்ந்த சந்தனம், நடுவில் சிவப்பு. சிவப்புக்கு ஓரத்தில், சக்கும் தட்டும் சேர்ந்து அழுத்தியதில் அப்பளமாகிப் போன ஓர் அட்சதை அரிசி.

சக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சக் தட்டில் முழுதாகப் படியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் கட்டையைத் திருப்பிப் போடும்போதெல்லாம் மையம் மாறியிருக்கிறது. பித்தளை, மின்சாரம், தரை, குழல் எல்லாம் நிரபராதிகள்.

"துளசிமணி" என்று கூப்பிட்டேன். கையில் மாவோடு வந்தாள்.

"இங்க பொட்டு வெச்சது யாரு?"

எட்டிப் பார்த்தாள். "நானுங்க. ஏனுங்க?"

"இங்கயா வெப்பாங்க? இத்தனை நாளா கட்டை கோணலா வந்ததுக்கு இதுதான் காரணம். இது மிஷினோட உயிர்நிலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. நீங்கதான சொன்னீங்க. 'மிஷினோட உயிர்நிலை, இங்க நல்லா, பெருசா வை'ன்னு."

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. பூஜை நேரத்தில் ஆயிரம் சொல்லியிருப்பேன். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வாக்குவாதத்தைத் தொடரவில்லை. அரிசியைச் சுரண்டி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மண்ணெண்ணெய்த் துணியை அவளே எடுத்துத் தட்டைத் துடைத்தாள்.

"பொட்டைத் துடைக்கக் கூடாதுன்னு சொல்லுவியே?"

"சாமி கோவிச்சுக்காதுங்க. முறுக்கு இல்லீன்னாத்தான் உங்க மக கோவிச்சுக்குவா. சீக்கரம் மாட்டுங்க."

மாட்டினேன். பெரிய ஸ்பேனர் தேவைப்படவில்லை. ராடில் மிஞ்சியிருந்தது ஒரு கட்டைக்கு வேண்டிய நீளம் மட்டும். துளசிமணி வாசற்படியில் நின்றாள். முதல் பாதியைக் கடைந்தேன், பித்தளை பொன்தூளாகத் தெறித்தது. திருப்பிப் போட்டேன். மறுபாதியையும் கடைந்தேன். கழற்றியதும் அவள்தான் கையை நீட்டினாள். நகத்தால் தடவினாள்.

குழலின் மேல் வைத்தோம். கட்டை தானாகவே, காற்றைச் 'சுஸ்' என்று வெளியே தள்ளிக்கொண்டு, மெதுவாக அடி வரை இறங்கியது. பாதியில் நிற்கவில்லை. இருவரும் மறுபடி மறுபடி எடுத்து விட்டு இறங்குவதைப் பார்த்தோம். இன்னும் எத்தனை முறை விட்டிருப்போமோ, அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

முறுக்கு நாள். துளசிமணி பிழிந்தாள். மாவு மேலே ஏறவில்லை. நான் அடுப்பின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முறுக்கும் வட்டமாக வருகிறதா என்று கண்காணித்தேன். ஒன்று கொஞ்சம் கோணலாக வந்தது. சொன்னேன். அதை என்னிடமே கொடுத்து வாயை அடைத்தாள்.

பதினோரு மணிக்கு வாசலில் ஹார்ன் சத்தம். சென்னியப்பன் டெம்போவிலிருந்து குதித்து இறங்கினான். டயர் நான்கும் நன்றாக இருந்தன. வண்டியை அவனேதான் ஓட்டி வந்திருந்தான். முதுகு மூங்கில் போல நிமிர்ந்திருந்தது.

"முதுகு சரியாயிடுச்சா மாப்ளே?"

"எந்த முதுகுங்க?" என்று முறுக்கை எடுத்துக் கடித்தவன், அக்கா பார்த்த பார்வையில் ஞாபகம் வந்து அசடு வழிந்தான். "இனி என்னுங்க மாமா மறைக்கறது. அவரே வண்டி கேட்டாலும் கொண்டாராதே, என்னத்தயாச்சும் சொல்லிச் சமாளீன்னு அக்காதான் போன் போட்டுச்சு. மிஷினு போச்சுன்னா மனுசன் மறுக்காவும் வாசல்ல போயி நின்னுக்குவாருன்னு."

"பேசாம தின்னுடா" என்றாள் துளசிமணி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் வாசலில் நின்றது அவளுக்குத் தெரியும் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தட்டிலிருந்த முறுக்குகளில் கோணல் ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

சென்னியப்பன் கிளம்புவதற்குள் அவனைப் பிடித்து நிறுத்தி, இருவருமாகக் கிரைண்டரைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து, பின் அறையில் லேத்துக்கு எதிர்ச் சுவரோரமாக வைத்தோம். நான் பக்கவாட்டில் திரும்பி நின்றால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இதைச் செப்டம்பரிலேயே டேப் வைத்து அளந்திருக்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகளும் மருமகனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மருமகன் முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார். அச்சைப் பாருங்கள் என்று எடுத்துக் காட்டினேன். கட்டை இறங்குவதைக் காட்டினேன். அவர் மரியாதையாக நான்கு முறை பார்த்தார். ஐந்தாவது முறைக்கு மகள் அவரைக் காப்பாற்றி அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு லேத்துக்கு எண்ணெய் விடப் போனேன். துளசிமணி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து, என் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழைய மேல்கட்டை, நசுங்கி நான் ராவிப் பாழாக்கிய அதே கட்டை. துலக்கிப் பளபளவென்று இருந்தது. தலையில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு.

"என்ன இது?" என்றேன்.

"எலியோட சாமானுங்க. அடுத்த தடவ ஏதாச்சும் தட்டோணும்னா இத வெச்சுத் தட்டச் சொல்லுங்க. பரணுக்கு வர வேண்டாம்னு சொல்லீருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.